வெள்ளை நிறம் இடம் பிடிக்காது

சரிகை வேண்டாம் என்று சொல்வதுதான் என் வேலையில் கடினமான பகுதி.

குடும்பமாக வருவார்கள். பெண்கள் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, கல்யாண வீட்டில் படம் எடுக்க நிற்பதுபோல வரிசையாக நிற்பார்கள். நடுவில் ஒருவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கும். அவர் கடைசியாகப் பார்க்கப் போவது தங்களைத்தான் என்பதால் அழகாக இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "சாதாப் புடவை ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களா?" என்று கேட்பேன்.

காரணம் எளிது. காட்சியைப் பதியும் வட்டில் இடம் குறைவு. வெள்ளைச் சுவருக்கு அங்கே இடமே தேவையில்லை. வெள்ளை என்று ஒரு முறை குறித்தால் போதும். சரிகையில் ஒவ்வொரு இழையும் தனியாக மின்னும். ஒவ்வொரு மின்னலுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். மழை, மரத்து இலை, கூட்டம், கடல் எல்லாம் அப்படித்தான். ஒரு பட்டு முந்தானை, அதை உடுத்தியவரின் முகத்துக்கு உரிய இடத்தைத் தின்றுவிடும்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், இரண்டாவது மாடியில் இருந்தது எங்கள் பதிவகம். கண் நரம்பு மெல்லக் காய்ந்துபோகும் நோய் உள்ளவர்களுக்கானது. பார்வை மிச்சமிருக்கும்போதே காதுக்குப் பின்னால் ஒரு பொருத்தி வைப்பார்கள். கண் மூளைக்கு அனுப்புவதை அது ஒரு சிறிய வட்டில் பதியும். பார்வை போன பிறகு அதே பொருத்தி, வட்டில் இருப்பதை மூளைக்குத் திருப்பித் தரும். ஒருவருக்கு ஒரு வட்டு. நான்கு மணி நேரக் காட்சி. மூளை ஒரு வட்டுக்குத்தான் பழகும்.

வட்டில் இரண்டு வகை. ஒன்று ஆழி. மற்றது முத்து. ஆழியின் கொள்ளளவு முத்தைப்போல நான்கு மடங்கு. கண் கண்டதை ஆழி அப்படியே வைத்துக்கொள்ளும். முத்து, முக்கியமில்லாததை விட்டுவிடும். விட்ட இடத்தைப் பார்ப்பவரின் மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் பொருத்தி வேறு. ஒன்றை வைத்துவிட்டால் மற்றதற்கு மாற முடியாது.

நான் முத்துப் பிரிவில் இருந்தேன். எதிர் அறையில் ஆழிப் பிரிவு. அங்கே வினோபா. கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவன். பேசியே ஆளைச் சாய்த்துவிடுவான்.

"கொள்ளளவு முக்கியமா?" என்று கேட்காத குடும்பமே இல்லை. அதற்கு ஒரு பதில் மனப்பாடமாக இருந்தது. 'நூறு பேருக்கு இரண்டையும் போட்டுக் காட்டினோம். தொண்ணூற்று மூன்று பேரால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.' அது பொய் இல்லை. அந்தச் சோதனையை நடத்தியவர்களில் நானும் ஒருத்தி.

பாக்கியம் டீச்சர் வரும்வரை அந்தப் பதிலைத் தடையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பார்வை போவதற்கு முன் தன் மகனோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்து பதிந்துகொண்டார். மறு வருடம் மகன் ஒரு விபத்தில் இறந்துவிட்டான். அதற்குப் பின் டீச்சர் தினமும் வட்டைப் பார்த்தார். மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து என் எதிரில் அமர்ந்தார்.

"இசக்கிசெல்வி, இது என் மகன் இல்லம்மா."

"வட்டு மாறிப் போச்சா டீச்சர்?"

"வட்டு அதுதான். சட்டை அதுதான். மொதல்ல சிரிப்பு மாறுச்சு. பெறகு மூக்கு. இப்ப முழுசா வேற ஆளு."

"யார் மாதிரி இருக்கு?"

டீச்சர் யோசித்தார். "மாடில ஒரு தம்பி வாடகைக்கு இருக்கான். தினமும் பேப்பர் வாசிச்சுக் காட்டுவான். அவன் மாதிரின்னு நெனைக்கேன். ஆனா அவனை நான் பாத்ததே இல்லையே."

வட்டைச் சோதித்தேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. பதிந்த நாளில் இருந்ததுபோலவே இருந்தது. மாறியது வட்டு இல்லை. விட்ட இடங்களை டீச்சரின் மூளை ஒவ்வொரு நாளும் கையில் கிடைத்ததை வைத்து நிரப்பியிருக்கிறது. பக்கத்தில் கேட்டது அந்த வாடகைக்காரரின் குரல்தான். கடைசியில், உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு முகம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் சோதித்த நூறு பேருக்கும் பார்வை இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு முறைதான் பார்த்தார்கள். ஆயிரம் முறை பார்க்கிற ஒருவரையும் நாங்கள் சோதிக்கவில்லை.

மேலாளர் ஹென்றி சாரிடம் சொன்னேன்.

"வட்டு சரியா இருக்குல்லா?" என்றார்.

"இருக்கு சார்."

"அப்ப ஃபைலை மூடு."

மூடினேன்.

அடுத்த வாரம் பெலிக்ஸ் மச்சாது வந்தார்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாற்பத்து மூன்று வயது. கூடவே மனைவி டெல்பின், சாம்பல் நிறத்தில் ஒரு சாதாச் சுடிதார் போட்டு வந்திருந்தார். நான் அதைக் கவனித்ததை அவரும் கவனித்தார்.

"நான் தையக்காரி தங்கச்சி. பட்டு கட்டினா மொகத்த யாரு பாக்கா? துணியத்தான் பாப்பாங்க."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பெலிக்ஸ் அண்ணன் நேராக விஷயத்துக்கு வந்தார். "சுத்தி வளைக்காம சொல்லு. எது பெருசு?"

"ஆழி."

"எது நல்லது?"

நான் வாயைத் திறந்தேன். தொண்ணூற்று மூன்று பேர் என்று சொல்ல மனம் வரவில்லை. எதிர் அறையிலிருந்து வினோபா எட்டிப் பார்த்தான்.

"அவ பேச மாட்டா சார். அவ வாயத் தொறக்கணும்னா மூணு நாளைக்கு முன்னாடியே மனு குடுக்கணும். இங்கன வாங்க, நான் சொல்லுதேன்."

"நீ இருப்பா. அந்தப் பிள்ளை என்னமோ சொல்ல வருது."

அன்று நான் பேசினேன். டீச்சரின் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். சோதனை எப்படி நடந்தது என்பதையும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. முடித்தபோது வினோபா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப இது ஏமாத்து வேலைலா?" என்றார் பெலிக்ஸ் அண்ணன்.

"முழுசா அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. காட்டுதேன்."

ஒரு மாதிரி வட்டில் கடல் இருந்தது. சாதாரணத் திரையில் போட்டுக் காட்டினேன். திரைக்கு மூளை இல்லை, விட்டதை நிரப்பாது. நீலமாக ஒரு பலகை தெரிந்தது. மேலே நாலைந்து வெள்ளைக் கோடுகள். வேறொன்றும் இல்லை.

"இதுவா கடலு? இஸ்திரி போட்டு வெச்சமாதிரில்லா இருக்கு!" என்று சிரித்தார். பிறகு, "அலை எங்க?" என்றார்.

"அதை நீங்க போட்டுக்கிடணும்."

"அது சரி. இருவத்திரெண்டு வருசமா கிரேன் மேல உக்காந்து அதைத்தான பாக்கேன். காத்து எங்கேருந்து வந்தா அலை எப்படி மடியும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். கடலுக்கு எனக்கு வட்டே வேண்டாம்."

"அவ்வளவுதான்ணே விஷயம்" என்றேன். "தெரிஞ்சதுக்கு இடம் தேவையில்ல. தெரியாததுக்குத்தான் இடம் வேணும்."

 டெல்பின் அக்கா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார்.

"அப்ப என் மொகம்?"

"அது தெரியாமலா? பதினாறு வருசம் ஆச்சு."

"கண்ண மூடுங்க."

மூடினார்.

"என் மச்சம் எந்தப் பக்கம் இருக்கு?"

"எடது கன்னம்" என்றார் பட்டென்று. யாரும் பேசாமல் இருக்கவே, "வலது" என்றார்.

"எனக்கு மச்சமே கிடையாது."

வினோபா சிரித்துவிட்டான். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். பெலிக்ஸ் அண்ணன் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அப்போதே அவருக்கு ஓரங்கள் தெரியாமல் போயிருந்தன. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, நெற்றி, மூக்கு, கன்னம் என்று துண்டு துண்டாகப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அப்ப ஆழிதான்" என்றார். "என் வேலைல ஒரு அங்குலம் தப்பினா கன்டெய்னர் ஆளு மேல போயி எறங்கும். எனக்கு எல்லாம் சரியா இருக்கணும். உள்ளது உள்ளபடி."

வினோபா உள்ளே வந்தான். "நல்ல முடிவு சார். அக்கா, ஆழில நீங்க எப்பவும் இப்படியேதான் இருப்பீங்க. வயசே ஆவாது."

"அதான் வேண்டாங்கேன்" என்றார் டெல்பின் அக்கா.

"ஏட்டி, என்ன பேசுத?"

"நீங்க சும்மா இருங்க. எனக்கு இப்ப முப்பத்தெட்டு. அம்பது ஆவும், அறுவது ஆவும். பல்லு விழும், கொரலு தேயும். இவரு உள்ளுக்குள்ள அந்த முப்பத்தெட்டு வயசுக்காரியவே பாத்துக்கிட்டு இருப்பாரு. தண்ணி மட்டும் என்கிட்ட கேப்பாரு. உள்ள ஒருத்தி, வெளிய ஒருத்தி. அந்தச் சக்களத்தி எனக்கு வேண்டாம் தம்பி."

டெல்பின் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சின்ன வட்டுன்னா?" என்று என்னிடம் கேட்டார். "நான் கெழவி ஆனா, உள்ள இருக்கவளும் ஆவாளா?"

"ஆகலாம்க்கா. பக்கத்துல கேக்கிற குரலை வெச்சுத்தான் மூளை நிரப்பும். நீங்க பக்கத்துலயே இருந்தா, உங்களை வெச்சு நிரப்பும்."

"ஆகாமலும் போகலாம்" என்றான் வினோபா மெல்ல. "யாரோ ஒருத்தியா மாறியும் போகலாம்."

அவன் சொன்னதும் உண்மைதான். நான் தலையசைத்தேன்.

பெலிக்ஸ் அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். "டாக்டரு எத்தனை நாளுன்னாரு?"

"மூணு வாரம்னாரு. ரெண்டு நாள் போயிட்டு" என்றார் டெல்பின் அக்கா.

"பத்தொம்பது நாளு. சரி. சின்னதையே போடு தங்கச்சி. கடைசி நாளு வந்து பதிஞ்சுக்கிடுதேன். அதுவரைக்கும் எங்கயும் போகல. கடலுக்கும் போகல, கோயிலுக்கும் போகல. இவளப் படிக்கப் போறேன்."

"பதினாறு வருசம் கழிச்சா?" என்றார் டெல்பின் அக்கா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"கடலை மட்டும் ஒரே நாள்லயா படிச்சேன்?"

நான் அன்று பேசியது ஹென்றி சாருக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார். இனி குடும்பங்களிடம் பேசும் வேலை எனக்கு இல்லை என்றும், பதிவு மட்டும் செய்தால் போதும் என்றும் சொன்னார். எனக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

அந்தப் பத்தொன்பது நாளில் டெல்பின் அக்கா மூன்று முறை போன் செய்தார்.

"தங்கச்சி, பொருத்தி வெச்ச இடம் லேசா அரிக்குதாம், எண்ணெய் தடவலாமா?" என்று ஆரம்பிப்பார். பிறகு, "தோசை ஊத்த விட மாட்டேங்காரு. எதுக்க நாக்காலியப் போட்டு உக்காந்துக்கிடுதாரு. மொகத்துல மாவு இருக்குங்காரு. துடைச்சா, அதையும் பாத்துக்கிடுதேன், துடைக்காதங்காரு" என்பார். இரண்டாவது முறை, "கடைக்கே வந்துட்டாரு. பிளவுசு அளவு குடுக்க வந்த பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் போயிட்டாங்க" என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார். மூன்றாவது முறை அவ்வளவு பேசவில்லை. "நேத்து ஊசில நூல் கோக்கும்போது என் நெத்தி எப்படிச் சுருங்குதுன்னு சொன்னாரு. எனக்கே தெரியாது அது" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள்.

பெலிக்ஸ் அண்ணன் மனைவியின் தோளில் கை வைத்து நடந்து வந்தார். பதிவறையில் வெள்ளைச் சுவரின் முன் டெல்பின் அக்காவை உட்காரவைத்தேன். எதிரே அவரை. பொருத்தியில் வட்டைச் செருகினேன். என் மேசைமேல் ஒரு சின்னத் திரை உண்டு. கண்ணிலிருந்து மூளைக்கு என்ன போகிறதோ, அது அதில் தெரியும்.

திரை வெள்ளையாக இருந்தது.

கம்பியைச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. விளக்கை ஏற்றி இறக்கினேன். வெண்மை கொஞ்சம் கூடியது, குறைந்தது. அவ்வளவுதான். உப்பளத்தின் மேல் காலையில் மூடும் பனிபோல இருந்தது அது. அதற்குள் ஓர் உருவமும் இல்லை. அவர் பார்வை முன்பே போய்விட்டிருந்தது. இரண்டு நாள் ஆகியிருக்கலாம், மூன்றும் ஆகியிருக்கலாம்.

"ஆரம்பிச்சாச்சா தங்கச்சி?" என்றார் அவர். முகம் மலர்ந்து இருந்தது. "நல்லாத் தெரியுது. நேத்தைவிட இன்னைக்குத் தெளிவு."

 டெல்பின் அக்கா எழுந்து வந்து என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"ஏட்டி, ஏன் எந்திரிக்க?" என்றார் அவர் சத்தம் வந்த திசையைப் பார்த்து. "சரி, அங்கனயே நில்லு. அதுவும் நல்லாத்தான் இருக்கு. தாடைக்குக் கீழ ஒரு சின்னக் கோடு விழுந்திருக்கு பாத்தியா? இந்தத் தலையத் திருப்பும்போது மட்டும் தெரியுது."

டெல்பின் அக்காவின் கை தாடைக்குப் போனது. நான் திரும்பிப் பார்த்தேன். கோடு இருந்தது.

திரை வெள்ளையாகவே இருந்தது.

நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கண் ஒன்றையும் அனுப்பவில்லை. நீங்கள் பார்ப்பது நீங்களே வரைந்தது என்று. நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லி, அதற்காகப் பேச்சு வாங்கியவள் நான். வாயைத் திறந்தேன். டெல்பின் அக்கா என் தோளை அழுத்தினார். வலிக்கிற அளவுக்கு அழுத்தினார். தலையை இடமும் வலமுமாக அசைத்தார்.

பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். நான்கு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சுடிதாருக்குக் கழுத்து வெட்டுவதில் எத்தனை வகை என்று அவர் சொன்னார். கிரேன் மேலிருந்து பார்த்தால் மனிதர்களின் உச்சந்தலை மட்டுமே தெரியும் என்றும், அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்றும் இவர் சொன்னார். நான் வெண்மையை வட்டில் பதிந்துகொண்டிருந்தேன். முடிந்தபோது பார்த்தேன். வட்டின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை.

"இடம் பத்துச்சா?" என்று கேட்டார் பெலிக்ஸ் அண்ணன்.

"பத்துச்சுண்ணே" என்றேன். "மிச்சமே இருக்கு."

எட்டு வருடத்தில் முத்து ஒழிந்துவிட்டது.

பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஆழியின் வட்டைச் சிறியதாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு முத்துக்கு ஆள் வரவில்லை. ஹென்றி சார் மதுரைக்குப் போய்விட்டார். நான் எதிர் அறைக்கு மாறினேன். வினோபா எனக்கு மேலாளர் ஆனான். "இப்பவாவது என்கிட்ட நேரா பேசு, மனு வேண்டாம்" என்பான்.

என் வேலை, முத்து வைத்திருப்பவர்களை ஆழிக்கு மாற்றுவது. பழைய பொருத்தியைக் கழற்றி ஆழியின் பொருத்தியை இணைக்க ஒரு சிறு கருவி வந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஆழியின் பொருத்தி, மூளையை எதையும் நிரப்ப விடாது. முத்து விட்டது விட்டதாகவே தெரியும். பாக்கியம் டீச்சர்தான் முதலில் மாறியவர். மகனின் கண்ணும் புருவமும் பழையபடி வந்துவிட்டன என்று அழுதார். பிறகு, "மத்த இடமெல்லாம் ஏன் சாம்பலா இருக்கு?" என்று கேட்டார். எதையும் மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டார். "இருக்கது அவன்தான். அது போதும்" என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை பெலிக்ஸ் அண்ணனும் டெல்பின் அக்காவும் வந்தார்கள்.

அக்காவின் தலை பாதி நரைத்திருந்தது. உடம்பு கொஞ்சம் பருத்திருந்தது. குரல் சற்றுக் கரகரத்தது. அண்ணன் நேராக உட்கார்ந்திருந்தார்.

"பொருத்தி அடிக்கடி நின்னுபோகுது தங்கச்சி" என்றார் அக்கா. "ரிப்பேருக்குச் சாமான் கெடைக்காதாம்ல. வேறதுக்கு மாத்திக் குடு. இவருக்கு ஒரு நாளுகூட விட்டுப்போகக் கூடாது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் நினைத்தது ஒன்றுதான். ஆழிக்கு மாற்றினால் அவருக்கு வெள்ளைதான் தெரியும்.

"நீ போயி டீ குடிச்சிட்டு வா. நான் தங்கச்சிகூட பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார் அண்ணன்.

அக்கா தயங்கினார். போனார். காலடிச் சத்தம் படியிறங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அந்த வட்டுல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"யார் சொன்னாண்ணே?"

"யாரும் சொல்லல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வட்ட எடுத்துத் துடைப்பா. நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம துடைச்சிட்டுத் திரும்பப் போட மறந்துட்டா. பூசைக்குப் போயிட்டு வந்து, சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சு, அவளப் பாத்துக்கிட்டே இருக்கேன். சாயங்காலம் 'அய்யோ மறந்துட்டேனே'ன்னு ஓடி வந்து போடுதா. அப்பதான் எனக்கே தெரியும்." சிரித்தார். "பதிஞ்ச அன்னைக்கு நீ மூச்சு விட்டதும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

"நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா அன்னைக்கே இருட்டாயிருக்கும். விடு. அவகிட்ட மட்டும் சொல்லிராத. எனக்குத் தெரியாதுன்னுதான் அவ நிம்மதியா இருக்கா. எட்டு வருசமா துடைக்கா."

நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப என்னண்ணே செய்யணும்? இதுக்கு வேற பொருத்தி இல்ல. ஆழில மாத்தினா..."

"பனிதான் தெரியும். அது வேண்டாம். தங்கச்சி, வட்டு இல்லாம பாத்திருக்கேன். பொருத்தியே இல்லாமப் பாத்ததில்ல. அது உள்ள ஒரு வெளிச்சம் குடுக்குலா? அது நின்னா என்ன ஆவும்னு தெரியல." அப்போதுதான் அவர் குரல் இறங்கியது. "வீட்டுல வெச்சுப் பாக்கப் பயமா இருக்கு. அவ இருக்கும்போது இருட்டாயிட்டா என் மொகத்தப் பாத்துக் கண்டுபிடிச்சிருவா. நீ இங்கனயே நிப்பாட்டு."

"எத்தனை நேரம்?"

"மொத்தமா."

காதுக்குப் பின்னால் இருந்த சிறு விசையை நகர்த்தினேன். பச்சை விளக்கு அணைந்தது. அவர் கை நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது.   சன்னல் வழியாகத் துறைமுகத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊதுவது கேட்டது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. டெல்பின் அக்கா கையில் இரண்டு டீயோடு உள்ளே வந்தார். ஒன்றை என் மேசைமேல் வைத்தார்.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டுக்கா" என்றேன்.

அவர் என் கண்ணைப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என்னால் ஒரு சைகையும் செய்ய முடியவில்லை. அவர் கணவனின் எதிரே போய் நின்றார். டீயில் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"இங்கேருங்க" என்றார். "புதுசுல தெரியுதா?"

பெலிக்ஸ் அண்ணன் அந்தக் குரலின் பக்கம் தலையைத் திருப்பினார். துண்டு துண்டாக அல்ல, ஒரேயடியாகத் திருப்பினார். கை நாற்காலி விளிம்பிலிருந்து விலகியது.

அவர் பார்த்தாரா, பார்த்ததாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை.

"தெரியுது" என்றார். "தல நரைச்சாலும் இந்தப் பச்சை சேலை உனக்கு நல்லாத்தான் இருக்கு."

டெல்பின் அக்கா குனிந்து தன் பழுப்பு நிறச் சுடிதாரைப் பார்த்தார். டீயை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"பின்ன?" என்றார். "பாத்துப் பாத்து எடுத்ததுலா."